அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கட்சி வேட்பாளர்களாகவே தேர்தலில் நிற்கிறார்களாமே, அது எப்படி நடக்கிறது?

எல்லா மாநிலங்களிலும் இல்லை. டெக்சாஸ், அலபாமா, வட கரோலினா போன்ற சிலவற்றில்தான். வட கரோலினாவை எடுத்துக்கொண்டால் சிக்கல் நன்றாகப் புரியும்.

அங்கே 7 நீதிபதிகள், 8 ஆண்டுப் பதவிக்காலம், 76 வயதில் ஓய்வு (2023 வரை 72). மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 2004 முதல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லை. 2018-இல் மறுபடி வந்தது. ஒவ்வொரு கட்சியும் தன் ஒரே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் முதல்நிலைத் தேர்தலையும் அந்த ஆண்டு நீதிபதிப் பதவிகளுக்குச் சட்டமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் குடியரசுக் கட்சிப் பெயரில் இருவர் நின்றார்கள், வாக்கு பிரிந்தது, ஜனநாயகக் கட்சியின் அனிதா ஏர்ல்ஸ் பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் வென்றார்.

கட்சிப் பெயர் வாக்காளருக்குத் தகவல் தருகிறது என்பது உண்மைதான். முன்பின் தெரியாத பெயர்களில் எதையோ குறிப்பதைவிட அது மேல் என்பார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் 4-3 என ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை இருந்தபோது, ஒரு கட்சிக்குச் சாதகமாக வரைந்த தொகுதி வரைபடங்கள் செல்லாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பர் தேர்தலில் பலம் 5-2 என்று குடியரசுக் கட்சிப் பக்கம் மாறியது. புதிய அமர்வு அதே வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. அரசியலமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

வித்தியாசமும் மயிரிழைதான். 2020-இல் தலைமை நீதிபதி பதவி 401 வாக்குகளில் முடிவானது. மாநிலம் தழுவிய போட்டியில் வித்தியாசம் 0.5 சதவீதம் அல்லது 10,000 வாக்குகள், இவற்றில் எது குறைவோ அதற்குள் இருந்தால் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம்.

2024-இல் அந்த நீதிமன்றத்தில் ஏற்கெனவே நீதிபதியாக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஆலிசன் ரிக்ஸ் 734 வாக்குகளில் முன்னிலை பெற்றார். மறு எண்ணிக்கையிலும் முடிவு மாறவில்லை. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின் 65,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாது என்று வாதிட்டார். பெரும்பாலானவற்றுக்கு அவர் சொன்ன காரணம், வாக்காளர் பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களோ இல்லை என்பது. அந்த இருக்கை யாருக்கு என்ற வழக்கு அதே நீதிமன்றத்துக்கே போனது. ரிக்ஸ் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார், மற்ற நீதிபதிகள் விசாரித்தார்கள். தேர்தல் முடிந்தபின் விதியை மாற்றக் கூடாது என்று 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் சொன்ன பிறகே கிரிஃபின் தோல்வியை ஏற்றார். வாக்குப்பதிவு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.