வளைந்தது ரூலர் அல்ல, ஐயா

கேள்வி: வயது 58. செந்தூலில் கார் மெக்கானிக். 12 எம்எம் ஸ்பேனர் என்று நினைத்து 13-ஐ எடுத்து வருகிறேன். வைத்த சாக்கெட் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கை லேசாக நடுங்குகிறது. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் இரும்பு ரூலர்கூட நடுவில் வளைந்த மாதிரி இருக்கிறது. 11 வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்). இது டிமென்ஷியாவா? இணையத்தில் பார்த்து ஞாபகசக்தி மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: டிமென்ஷியா போலத் தெரியவில்லை. 13-ஐ போல்ட்டில் மாட்டியதுமே 'இது ஆடுகிறது, தப்பு' என்று உங்கள் கை சொல்லிவிடுகிறது அல்லவா? எண்ணைப் படிக்க முடியாமல் போனது கண். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எதற்கு?' என்று நின்றால் அப்போது மறதியைப் பற்றிப் பேசலாம். 10 எம்எம் சாக்கெட் காணாமல் போவது உலகத்தில் எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வளைந்த ரூலர், பயப்பட வேண்டியது அதற்குத்தான். நேர்க்கோடு ஒரு கண்ணுக்கு மட்டும் நெளிந்து தெரிந்தால், விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கலாம், அல்லது புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியலாம். இனிப்புநீர்க்காரருக்கு முதலாவது சாதாரணமாக வருவது. வலிக்காது, சிவக்காது. நல்ல கண் ஈடுகட்டிவிடுவதால் இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் தெரியவும் தெரியாது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, ரூலரின் நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு மறு கண். ஓரம் நெளிந்தாலோ, நடுவில் கோடு அறுந்தாலோ, அந்த வாரத்திலேயே கண் மருத்துவர். கண்ணுக்குள் போடும் ஊசியால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். நாள் கடந்தால் தழும்பாகிவிடும், தழும்புக்கு ஊசி வேலை செய்யாது. திடீரென்று திரை விழுந்த மாதிரி இருட்டினால் வாரமெல்லாம் கிடையாது, அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஞாபகசக்தி மாத்திரையை நிறுத்துங்கள். அதில் ஜிங்கோ என்ற மூலிகை இருந்து, நீங்கள் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவராக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து வேறு. யாராவது மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தைக் கொடுத்தால் அதையும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தம் ஏறலாம்.

கை நடுக்கம் பசி நேரத்தில் மட்டும் வந்தால் உடனே விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள். மற்றபடி அடுத்த கிளினிக் நாளில் சொன்னால் போதும்.

இனி ஸ்பேனர் எண்ணைப் படிக்கும் விஷயத்துக்கு வருவோம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதில் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அதனால் முதலில் விளக்கு. அதையும் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் பொறித்த எண்ணில் நிழல் விழுந்து படிக்க வரும். எண்ணில் வெள்ளைப் பெயிண்டைத் தேய்த்து மேலாகத் துடைத்துவிடுங்கள், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். நிற டேப் ஒட்டுவதானால் சிவப்பு, மஞ்சள். நீலமும் பச்சையும் வேண்டாம். வயதால் முற்றிய கண் லென்ஸ் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் கவனம்: 108 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில், பக்கத்து அடி பவுண்டு வரிசையில் 108 வைத்தால் 146 ஆகிவிடும், சக்கரத்தைப் பிடிக்கும் வீல் ஸ்டட் நீண்டுவிடலாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் கண்ணாடி, இரண்டு கண்ணும் சமமாக இருந்தால் பரவாயில்லை. +2.00 பவர் அரை மீட்டர் தூரத்துக்குச் சரி. ஆனால் காருக்கு அடியில் நிமிர்ந்து பார்க்கும்போது சாதாரண பைஃபோக்கல் உதவாது, படிக்கும் பாகம் கீழே இருக்கும். மேலேயும் கீழேயும் படிக்கும் பாகம் வைத்த கண்ணாடி இருக்கிறது, கடையில் கேளுங்கள். அளவு எடுப்பதை மட்டும் விழித்திரையை மருத்துவர் சோதித்து, சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடி அளவும் மாறும்.

கண் மருத்துவரிடம் போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள். நாலைந்து மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது.