ஃபேஸ்புக் கணக்கை நீக்கினால் ஆதாரத்தை அழித்த குற்றமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 33. சேலம் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கும் ஜீவனாம்ச மனுவும் நடக்கின்றன. திருமணமான புதிதில் என் கணவர்தான் தன் செல்போன் எண்ணைக் கொடுத்து எனக்கு ஃபேஸ்புக் கணக்கு தொடங்கினார். பிரிந்து வந்த பிறகும் அதற்குள் போய் வருகிறார். எனக்கு வரும் மெசேஜ்களைப் படிக்கிறார். நான் எழுதுவது போலவே என் தோழிகள் இரண்டு பேரிடம் பேசியும் இருக்கிறார். பாஸ்வேர்டை மாற்றினால், அவர் எண்ணுக்கு ஓ.டி.பி. வரவழைத்துத் திரும்ப மாற்றிவிடுகிறார். வெறுத்துப்போய் கணக்கை நிரந்தரமாக நீக்கக் கொடுத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் கணக்கு மறுபடி வந்துவிட்டது. "கணக்கை அழித்தால் ஆதாரத்தை அழித்ததாகக் கோர்ட்டில் சொல்லி உள்ளே தள்ளுவேன்" என்கிறார். அவர் என்னை மிரட்டி அனுப்பிய பழைய மெசேஜ்களும் அதில்தான் இருக்கின்றன, பார்க்கவே பிடிக்கவில்லை. என் ஆரி ஒர்க் தொழிலுக்கான பேஜையும் அந்தக் கணக்கிலிருந்துதான் நடத்துகிறேன். கணக்கை நீக்க எனக்கு உரிமை இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: உரிமை இருக்கிறது, சகோதரி. உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, நீங்கள் பயன்படுத்திவந்த கணக்கு அது. தொடங்கும்போது யாருடைய செல்போன் எண்ணைக் கொடுத்தார்கள் என்பதால் கணக்கு அந்த எண்ணுக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் இன்று ராத்திரியே நீக்கிவிடாதீர்கள். நீங்கள் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்லும் அந்த மிரட்டல் மெசேஜ்கள்தான் உங்கள் வழக்கில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம். அதைப் பத்திரப்படுத்தாமல் கணக்கை நீக்கினால் நஷ்டம் உங்களுக்கு, லாபம் அவருக்கு.

முதலில் அவர் மிரட்டலைப் பார்ப்போம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ மறைப்பதையும் அழிப்பதையும் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 204ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. இதில் உயிர்நாடியான விஷயம் நோக்கம். அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரக் கூடாது என்ற எண்ணத்தோடு அழித்தால்தான் குற்றம். முழுப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கும் தெரிவித்துவிட்டு, ஒருவர் தன் கணக்கை மூடுவது இந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே அவர் சொல்வதைக் கேட்டு நடுங்க வேண்டாம். அதற்காக அந்த வாதத்தை அலட்சியமும் செய்ய வேண்டாம். எதையும் எடுத்து வைக்காமல் நீக்கினால், குறுக்கு விசாரணையில் "ஏன் நீக்கினீர்கள், எதை மறைத்தீர்கள்?" என்று அவருடைய வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கணக்கை நீக்கினால் அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்கள் அழியப் போவதில்லை. திருட்டுத்தனமாக எடுத்ததை நீதிமன்றம் பார்க்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நம்பி இருக்க முடியாது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால் சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடுகளைத் தாண்டியும் ஓர் ஆவணத்தை ஏற்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாளை அவர் உங்கள் உரையாடலில் முன்னும் பின்னும் வெட்டி, நான்கு வரியை மட்டும் தாக்கல் செய்தால், முழு உரையாடலையும் காட்ட உங்களிடம் பிரதி இருக்க வேண்டும். கணக்கோடு அதுவும் போய்விட்டால் வெட்டிய நான்கு வரிதான் மிஞ்சும்.

சரி, நீங்கள் நீக்கிய கணக்கு எப்படித் திரும்பி வந்தது? ஃபேஸ்புக்கில் நிரந்தரமாக நீக்கக் கொடுத்தாலும் உடனே அழியாது. 30 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் யாராவது உள்ளே நுழைந்து, நீக்கத்தை ரத்து செய்யும் பட்டனை அழுத்தினால் கணக்கு பழையபடி வந்துவிடும். நுழைவது நீங்களா, உங்கள் கணவரா என்று ஃபேஸ்புக் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டு சரியா என்றுதான் பார்க்கிறது. பூட்டை மாற்றாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனவே பிரதி எடுப்பது, பூட்டை மாற்றுவது, நீதிமன்றத்துக்குச் சொல்வது, அதற்கு அப்புறம் நீக்குவது என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

பிரதி எடுப்பதில் அவசரம் கூடாது. ஃபேஸ்புக் அமைப்புகளில் உங்கள் தகவல்களை மொத்தமாகப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. மெசேஜ்கள், படங்கள், பதிவுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். தேதி வரம்பு கேட்கும்போது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து கேளுங்கள். பாதுகாப்பு மற்றும் லாகின் விவரங்களை மறந்துவிடாதீர்கள். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வகைக் கருவியிலிருந்து, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) கணக்குக்குள் நுழைந்தார்கள் என்பது அதில் வரும். உங்கள் கணவர் உள்ளே வந்து போனார் என்பதற்கு நீங்களும் நானும் சொல்லும் வார்த்தையை விட அந்தப் பட்டியல் வலுவானது. ஐ.பி. முகவரி கையில் இருந்தால், அந்த நேரத்தில் அது யாருடைய இணைப்பில் இருந்தது என்று இணைய நிறுவனத்திடம் காவல்துறை பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி கேட்டு வாங்க முடியும்.

பதிவிறக்கிய ஜிப் கோப்பை அப்படியே ஒரு புதிய பென் டிரைவில் போட்டு வையுங்கள்; படிப்பதற்கு வேறொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் மெசேஜ்களைத் தனியாக ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள், அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியும்படி. உங்கள் பெயரில் அவர் பேசிய இரண்டு தோழிகளிடமும் அவர்கள் பக்கத்து மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த மெசேஜ்கள் வந்த செல்போனை இப்போதைக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

இந்தப் பிரதிகளைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன்பு 65பி சான்றிதழ் என்றோமே, அதன் புதிய வடிவம். இப்போது அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். இரண்டாவது பகுதியில் ஒரு நிபுணர் போட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், பிறகு யாரும் "திருத்திவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது. ஜிப் கோப்பைத் தொடாமல் வையுங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது பூட்டு. இதை ஒரே அமர்வில், பிரதி கையில் வந்த பிறகு செய்யுங்கள். பாதியில் நிறுத்தினால் பழைய மின்னஞ்சலுக்கு அறிவிப்புப் போய் அவர் முந்திக்கொள்ளலாம். உங்கள் பெயரில் வாங்கிய எண்ணையும், அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலையும் கணக்கில் சேருங்கள். அவை உறுதியானதும் அவர் எண்ணையும் அவர் அறிந்த மின்னஞ்சலையும் எடுத்துவிடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்தி, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். இதுவரை நீங்கள் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினீர்கள், அவர் எண் உள்ளேயே இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் தோற்றீர்கள். கணக்கு மையத்தில் அவருடைய இன்ஸ்டாகிராமோ வேறு கணக்கோ உங்களுடையதோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பிரித்துவிடுங்கள்.

உங்கள் ஆரி ஒர்க் பேஜை மறக்க வேண்டாம். நீங்கள் ஒருவர் மட்டும் அதன் நிர்வாகியாக இருந்தால், கணக்கோடு பேஜும் போய்விடும். வாடிக்கையாளர்கள், நீங்கள் போட்ட டிசைன் படங்கள் எல்லாம் சேர்த்து. உங்கள் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, அதற்குப் பேஜின் முழு நிர்வாக உரிமையைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு பதிவு போட்டுப் பார்த்த பிறகுதான் பழைய கணக்கில் கை வையுங்கள். பல பெண்களுக்கு இந்த மாதிரி பேஜ்தான் பிழைப்பு. கோபத்தில் அதை இழப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் செய்தது குற்றமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. அடுத்தவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்கது. நீங்கள் எழுதுவது போல உங்கள் தோழிகளை நம்பவைத்து ஏமாற்றியிருந்தால் ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி பிரிவும் சேரும். ஒரு பெண் இணையத்தையும் மின்னஞ்சலையும் மற்ற மின்னணுத் தொடர்புகளையும் பயன்படுத்துவதை ஓர் ஆண் கண்காணிப்பது, பின்தொடர்தல் என்ற தலைப்பில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வருகிறது; முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. "புருஷன்தானே, பார்த்தால் என்ன?" என்று காவல் நிலையத்திலேயே சிலர் சொல்லக்கூடும். இந்தப் பிரிவுகள் எதிலும் கணவருக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை.

புகாரை 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதியலாம். என் அபிப்பிராயத்தில் நீங்கள் சேலத்திலுள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு லாகின் பட்டியலின் அச்சுப் பிரதியோடு நேரில் போவது நல்லது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒருவர் கணக்கை ரத்து செய்த பிறகு அவர் பதிவு செய்த தகவல்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு காவல்துறை கேட்டாலும் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

புது வழக்கு, புது அலைச்சல் என்று மலைத்தால் இன்னொரு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவு, மின்னணு வழியாகக்கூட உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று அவருக்குத் தடை விதிக்க இடம் தருகிறது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, இந்த நிவாரணத்தை ஏற்கெனவே நடக்கும் வழக்கிலேயே கேட்கலாம் என்கிறது. அதாவது உங்கள் குடும்ப நல நீதிமன்றத்திலேயே ஒரு மனு போட்டால் போதும். உங்கள் வழக்கறிஞரிடம் இதை முதலில் கேளுங்கள்.

அடுத்த வாய்தாவில் ஒரு மெமோவும் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கணக்குக்குள் எதிர்மனுதாரர் அத்துமீறி நுழைகிறார், முழுப் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறேன், நீதிமன்றம் கேட்டால் ஆஜர்படுத்துவேன், இன்ன தேதிக்குப் பிறகு கணக்கை நிரந்தரமாக நீக்கப்போகிறேன் என்று நான்கைந்து வரி. நகல் எதிர்த்தரப்புக்கும் போகட்டும். அவர் ஆட்சேபித்தால் நீதிபதி முன்னால் காரணம் சொல்லட்டும். "ஆதாரத்தை அழித்தாள்" என்ற பேச்சு அந்த மெமோவோடு அடிபட்டுப் போகும். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் மட்டும், விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிய பிறகு நீக்குங்கள். அதுவரை கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வைக்கலாம். உங்கள் கணக்கு யார் கண்ணிலும் படாது.

நீக்கக் கொடுத்த பிறகு 30 நாளும் நீங்களும் உள்ளே போகாதீர்கள். காப்பு நகல்களிலிருந்தும் முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகும் என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய மெசேஜ்கள் அவர்கள் பெட்டியில் அப்படியேதான் இருக்கும். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் தனித்தனியாகத்தான் மூட வேண்டும்.

உங்கள் பெயரில் அவர் போலிக் கணக்கு தொடங்கினால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்த பிறகு ஆள்மாறாட்டக் கணக்கை 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை; 2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின; அந்த உரிமை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் காரியத்துக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி புகாரின் சாரத்தைக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். இதற்கெல்லாம் வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். ஆரி ஒர்க்கில் உங்களுக்கு வரும் வருமானம் அதற்குத் தடையில்லை.