காலநிலை ஆராய்ச்சிக்குப் போக எந்த பி.எஸ்சி. எடுப்பது?

அம்மா, வணக்கம்.

காலநிலை ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் உங்கள் மகள் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் படிப்பதாகச் சொன்னீர்கள். பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. வளிமண்டலம், கடல், நிலநடுக்கம், பேட்டரி என்று எதை ஆராயப் போனாலும் கணக்கும் இயற்பியலும்தான் வந்து நிற்கும். கணக்கு இல்லாத குரூப்பில் படித்திருந்தால் பாதிக் கதவுகள் இப்போதே மூடியிருக்கும்.

"காலநிலை" என்று பெயரிலேயே இருக்கும் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி.யில் அடிப்படைப் பாடம் ஒன்றை ஊன்றிப் படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் கிளை பிரிவதே நல்லது என்பது எங்கள் கருத்து. மழை, புயல், பருவமழை ஆகியவற்றில் ஆர்வமென்றால் பி.எஸ்சி. இயற்பியல். அதை முடித்தவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் எம்.எஸ்சி. சேரலாம்; அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பின்னால் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வரை அந்த வழி போகும். பேட்டரி, எரிபொருள் பக்கம் என்றால் வேதியியல். ஊர்க்காரர்கள் சிக்ரி என்று சொல்லும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. நிலத்தடி நீர், கடற்கரை, மண் என்றால் ஜியாலஜி.

பல குடும்பங்கள் சறுக்கும் இடம் இந்த ஜியாலஜிதான். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்று இருப்பது ஜியாகிரபி. பாறை, படிவு, நிலத்தடி நீர் பற்றிய ஜியாலஜி வேறு பட்டம். இரண்டும் ஒன்றென்று எண்ணிச் சேர்ந்துவிட்டு, எம்.எஸ்சி. முடித்து மத்திய அரசின் புவி விஞ்ஞானி தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தகுதி இல்லை என்று தெரியவரும். விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். உங்கள் காவிரி டெல்டாவுக்கு அருகில் ஜியாலஜிக்குத் திருச்சி நேஷனல் கல்லூரியும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையும் இருக்கின்றன.

உயிரியலும் கணக்கும் சேர்ந்து இருப்பதால் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். நான்கு பாடத்திலும் தலா 15 வினா, மொத்தம் 60. கணக்கை விட்ட பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். திருப்பதி ஐசரில் புவி, காலநிலை அறிவியல் துறையே உண்டு.

அடுத்து நீங்கள் கேட்டது காசு. ஆராய்ச்சி என்றால் முப்பது வயது வரை அப்பா பணம் கட்ட வேண்டும் என்ற பயம் பாதிதான் சரி. பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, ஆக ஐந்து வருடம் உங்கள் செலவு. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இரண்டு வருடம் கழித்து 42,000. புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்கு அதில் தனித்தாளே இருக்கிறது. கவனிக்க வேண்டியது, நெட் தேறுவது வேறு, ஜே.ஆர்.எஃப். கிடைப்பது வேறு. உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகி மொத்தமாக வரும். சேரும்போது மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும். பிஎச்.டி. முடிய வயது 28, 29 ஆகும். வீட்டில் 23 வயதிலேயே சம்பளம் தேவையென்றால் ஜியாலஜியே பாதுகாப்பு. எம்.எஸ்சி. முடித்த கையோடு யு.பி.எஸ்.சி.யின் புவி விஞ்ஞானி தேர்வு எழுதி, நிலத்தடி நீர் வாரியத்துக்கோ இந்திய ஜியாலஜிகல் சர்வேக்கோ போகலாம். ஜியாலஜியில் வாரக்கணக்கில் வெளியூர்க் களப்பயணம் கட்டாயம். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குவீர்களானால் அதைச் சேருமுன்னே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

"வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வயலே ஆய்வுக்களம். தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேன் உண்டாக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதை அளக்க, பயிரின் மேல் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் உள்காற்றை உறிஞ்சி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்ப்பார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில் எவ்வளவு குறைகிறது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. ஒரு சம்பாவில் அந்தக் கருவி பழுதானால் அளவு போயிற்று, அடுத்த சம்பாவரை காத்திருக்க வேண்டும். சிலருக்குப் பிஎச்.டி. ஏழு வருடம் வரை இழுக்க இதுவும் ஒரு காரணம். ஆகவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரை மட்டும் பார்க்காமல், அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேட்க வேண்டும்: கருவி ஓடுகிறதா? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது?

இந்த ஆர்வம் நிஜமா என்று இப்போதே சோதிக்கலாம். கியூஜிஐஎஸ் என்பது வரைபடங்களை ஆராயும் இலவச மென்பொருள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு படம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு முன்னும் பின்னும் வேதாரண்யம் பக்கத் தென்னந்தோப்புகளை ஒப்பிடச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை மேகம் படத்தை மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படமான சென்டினல்-1 தேடிப் போவாள். இரண்டு வாரம் அதிலேயே உட்கார்ந்திருந்தால் விருப்பம் உண்மை. எரிச்சலில் மூடிவிட்டால் இன்னொரு பாடத்தை யோசிக்கலாம், தப்பில்லை.

தமிழ் வழியில் படிக்கிறவள் என்றால் நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் போர்டின் முதல் ஒரு சதவீதத்தில் வந்தால் அடிப்படை அறிவியல் பட்டம் படிப்போருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை. பொறியியலுக்கும் பி.எஸ்சி. வேளாண்மைக்கும் அது கிடையாது. பள்ளிப் படிப்புச் சான்றை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.