குளிர்காலம் காதலித்த கதை: ஸ்டீல்ஐ ஸ்பேன் கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஃபோக் ராக் குழுவான ஸ்டீல்ஐ ஸ்பேன் 2013இல் வெளியிட்ட 'விண்டர்ஸ்மித்' ஆல்பம் பற்றி வந்த கேள்விகள். ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் அதே பெயர் கொண்ட நாவலை வைத்து உருவான ஆல்பம் இது.

கேள்வி: இந்தக் குழுவின் பெயரே எனக்குப் புதிது. யார் இவர்கள்?

பதில்: ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவிலிருந்து விலகிய ஆஷ்லி ஹட்சிங்ஸ் 1969இல் தொடங்கிய குழு. யார் எழுதியது என்றே தெரியாத பழங்கதைப் பாடல்களை மின்கிதாரோடு பாடுவது இவர்கள் வழி. 1975இல் 'ஆல் அரவுண்ட் மை ஹேட்' பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம் பிடித்தது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். பாடகி மேடி பிரையரை வைத்துத்தான் பலருக்கும் குழுவை அடையாளம் தெரியும்.

கேள்வி: பழம்பாடல் பாடுகிறவர்களுக்கு நாவல் எதற்கு? விற்பனைக்காகத்தானே?

பதில்: டெர்ரி பிராட்செட்டின் பெயர் விற்பனைக்கு உதவாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் இந்தக் குழுவின் நெடுநாள் ரசிகர். தம் அறுபதாவது பிறந்தநாள் விழாவுக்கே இவர்களைப் பாட அழைத்தவர். அவர் கதைகளின் சூனியக்காரிகளும் குட்டி மனிதர்களும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் வழக்கிலிருந்து வந்தவர்கள். இரு தரப்பும் நீர் இறைத்தது ஒரே கிணற்றில்.

கேள்வி: நாவலைப் படிக்காமல் கேட்டால் புரியுமா?

பதில்: கதை இவ்வளவுதான். மாரிஸ் என்பது காலில் மணி கட்டி ஆடும் ஆங்கிலேய கிராமத்து நடனம். பிராட்செட் அதற்கு ஓர் இருண்ட ஜோடியைக் கற்பித்தார்: குளிர்காலத்தை வரவேற்க, இசையின்றி ஆடும் ஆட்டம். டிபனி என்ற இளம் சூனியக்காரி கால் சும்மா இருக்காமல் அதில் புகுந்து ஆடிவிட, குளிர்காலமே அவள்மீது காதல் கொள்கிறது. ஓசையே இல்லாத ஆட்டத்துக்கு இவர்கள் பாட்டுப் போட்டிருக்கிறார்கள், அந்தத் துணிச்சலே எனக்குப் பிடித்தது!

'த மேக்கிங் ஆஃப் எ மேன்' பாடலை மட்டும் தனியாகக் கேளுங்கள். மனித உடல் எடுக்க நினைக்கும் குளிர்காலத்துக்குச் சிறுவர் பாட்டு ஒன்று பட்டியல் தருகிறது: ஓர் ஆணிக்குப் போதுமான இரும்பு, ஒரு சுவர் பூசுமளவு சுண்ணாம்பு என்று. எல்லாவற்றையும் திரட்டிவிடலாம். வீடு கட்டும் வலிமை, பிள்ளையை ஏந்த நேரம், நெஞ்சை உடைக்கும் அன்பு என்ற கடைசி மூன்றுக்கு எங்கே போவது? நாவலின் உயிரே அந்த இடம்தான்.

கேள்வி: பிராட்செட்டே பாடியிருக்கிறாராமே?

பதில்: பாடவில்லை, 'த குட் விட்ச்' பாடலில் பேசுகிறார். அல்சைமர் நோய் தமக்கு இருப்பதை 2007இலேயே வெளிப்படையாகச் சொன்னவர். 2015இல் மறைந்தார்.

கேள்வி: மேடி பிரையருக்கு அப்போது 66 வயது. குரல் தாங்கியதா?

பதில்: எழுபதுகளின் பளீரென்ற உச்சம் இல்லை. பதிலுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. கிழச் சூனியக்காரிகளின் கதைக்கு அது பொருத்தம்தான்.

கேள்வி: குறையே இல்லையா?

பதில்: நீளம். இரண்டு மூன்று பாடல்களைக் கழித்திருக்கலாம்.

கேள்வி: அடுத்து எதைக் கேட்பது?

பதில்: இந்த ஆல்பத்தில் வாசித்த பீட்டர் நைட்டின் வயலின் உங்களுக்குப் பிடித்திருந்தால் 1971இன் 'ப்ளீஸ் டு சீ த கிங்'. டிரம்ஸே கிடையாது. 2013 இறுதியில் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். அவர் இல்லாத குழுவைக் கேட்க 2016இன் 'டாட்ஜி பாஸ்டர்ட்ஸ்' இருக்கிறது. அதில் மறுபடியும் பழம்பாடல்கள்.