கட்டிக்கு வெளியே நிற்கும் செல்கள் – கடிதம்

வணக்கம்,

நோய் எதிர்ப்பு செல்கள் புற்றுசெல்லை அடையாளம் காண்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் பெரியப்பாவுக்கு நுரையீரலில் கட்டி. பயாப்சி அறிக்கையில், கட்டியைச் சுற்றி லிம்போசைட்டுகள் திரண்டிருக்கின்றன என்று போட்டிருக்கிறார்கள். அவைதானே புற்றோடு சண்டை போடும் செல்கள்? அவை வந்த பிறகும் கட்டி ஏன் வளர்கிறது? வீட்டில் ஆளாளுக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற மாத்திரை என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கூட்டினால் கட்டி அடங்கிவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அடங்காது. எதிர்ப்பு சக்தி என்பது மாத்திரை போட்டு ஏற்றி இறக்குகிற ஒரே சரக்கு இல்லை. கட்டிக்கு எந்த செல் வருகிறது, அதை யார் கூப்பிட்டார்கள், வந்தது உள்ளே போக முடிந்ததா என்பதுதான் விஷயம். சில செல்கள் கூடக்கூட லாபம் கட்டிக்குத்தான்.

கூப்பிடுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கட்டியில் செத்துப்போகிற செல்களின் துணுக்குகளை, மற்ற செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் காவல்காரனான டென்ட்ரிடிக் செல் விழுங்கிக்கொண்டு, மூச்சுக்குழாயை ஒட்டி மார்பின் நடுவே இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. லிம்போசைட்டுகளில் ஒரு வகைதான் டி செல். அங்கே குவிந்திருக்கும் டி செல்களில் அந்தத் துணுக்கோடு பொருந்துகிற ஏற்பி உள்ளவை மிகச் சொற்பம். அப்படி ஒன்று அகப்பட்டால் அது சில நாட்களிலேயே பெருகி, ரத்தத்தில் இறங்கிவிடும். சரி, உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் அது எங்கே இறங்க வேண்டும் என்று யார் சொல்வது? கட்டிக்குள் இருக்கும், குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் டென்ட்ரிடிக் செல்களும் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற சிறு புரதங்களை வெளியே விடுகின்றன. இந்த வகைப் புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர். சர்க்கரை இருக்கும் இடத்துக்கு எறும்பு வருவதுபோல டி செல் இதை மோப்பம் பிடித்துத்தான் வருகிறது. அந்த இடத்து ரத்தக்குழாயின் உட்சுவரில் முதலில் லேசாக ஒட்டி உருளும், வேகம் குறையும், கீமோகைன் தட்டுப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் தட்டையாகி, சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பை நுழைத்து வெளியே போய்விடும். உள்ளே போய் வேலையைத் தொடங்கிய டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, அதனால் அதே கீமோகைன்கள் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதாவது வந்தவர்களே அடுத்தவர்களைக் கூப்பிடுகிறார்கள். தொடங்கிவிட்டால் தானாக வேகம் பிடிக்கும் இந்த ஏற்பாடு பல கட்டிகளில் தொடங்குவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

கட்டியும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்கு ஆள் சேர்க்கிறது. சிசிஎல்2 என்ற கீமோகைனை விட்டு மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களை வரவழைத்துத் தனக்கு ரத்தக்குழாய் வளர்த்துத் தரும் மேக்ரோஃபேஜ்களாக மாற்றிக்கொள்ளும். இன்டர்லூக்கின்-8 என்ற இன்னொன்றை விட்டு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களை இழுக்கும். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்'களை வரவழைக்க சிசிஎல்22 விடும். கட்டிக்கு லாபம் என்று மேலே சொன்னது இவர்களைத்தான்.

இப்போது பெரியப்பாவின் அறிக்கை. சாயமேற்றிய பயாப்சித் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லிம்போசைட்டுகள் கருநீலப் பொட்டுகளாகத் தெரியும். சில கட்டிகளில் அந்தப் பொட்டுகள் புற்றுசெல்களின் நடுவிலேயே சிதறிக் கிடக்கும். சிலவற்றில் பெயருக்குக்கூட இருக்காது. எஸ்டிகே11 மரபணு பழுதான நுரையீரல் கட்டிகள் பல இப்படித்தான், அபாய அறிவிப்பு கொடுக்கும் பாதையையே அணைத்துவைத்திருக்கும். இன்னும் சிலவற்றில் பொட்டுகளெல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு நார்ப்பட்டையில் வரிசையாக நின்றுவிட, அதற்கு உள்ளே புற்றுசெல்கள் தனியாக, பத்திரமாக இருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் தூண்டிய, நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் நெய்த நார் அது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெரியப்பாவுடையது இந்த வகையாக இருக்கலாம். ஆனால் ஊசி பயாப்சி என்பது நூல் கனத்தில் ஒரு துண்டு, அதை வைத்து முழுக்கட்டிக்கும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

உள்ளே போன டி செல்லுக்கும் நிம்மதி கிடையாது. அதன் மேலிருக்கும் பிடி-1 என்ற ஏற்பியைப் புற்றுசெல்லின் மேலிருக்கும் பிடி-எல்1 என்ற புரதம் தொட்டால் டி செல் ஓய்ந்துவிடும். 1992-ல் பிடி-1ஐக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோ, இன்னொரு தடையான சிடிஎல்ஏ-4ஐ விலக்கிக் காட்டிய ஜேம்ஸ் அலிசனோடு 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிடி-1ஐத் தடுக்கும் மருந்துகள் நுரையீரல் புற்றுக்கு 2015 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. புற்றுசெல்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பிடி-எல்1 இருந்த, முற்றிய நிலை நோயாளிகளிடம் இந்த மருந்துகளில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாபை கீமோவோடு ஒப்பிட்ட சோதனையில், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 32 சதவீதம், கீமோவில் தொடங்கியவர்களில் 16. இரண்டு மடங்கு என்று சந்தோஷப்படலாம், மூன்றில் இரண்டு பேர் இல்லை என்றும் பார்க்கலாம். நான் இரண்டையும் சேர்த்தேதான் பார்க்கிறேன். இந்த மருந்து தடையை எடுக்கும், ஆனால் செல்களே வராத கட்டியில் தடையை எடுத்து என்ன ஆகப்போகிறது? கீமோவைச் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இது. செல்கள் சாகும்போது துணுக்குகள் வெளிவரும், கூப்பிடும் வேலை தொடங்க வாய்ப்பு உண்டு. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய கட்டி என்றால், வெட்டுவதற்கு முன்பே கீமோவோடு, பிடி-1ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டி எடுத்ததில் உயிருள்ள புற்றுசெல் ஒன்றுகூட இல்லாதவர்கள் 24 சதவீதம், கீமோ மட்டும் என்றால் 2 சதவீதம்தான். கட்டியும் நிணநீர் முடிச்சும் உடம்பில் இருக்கும்போதே டி செல்களைப் பழக்கிவிட வேண்டும் என்பதுதான் யோசனை.

இந்த மருந்துகள் புகைபிடித்தவர்களின் கட்டியில்தான் பொதுவாக நன்றாக வேலை செய்கின்றன. மரபணுப் பிழைகள் அதிகம், அதனால் டி செல்லுக்கு அந்நியமாகத் தெரியும் துணுக்குகளும் அதிகம். கேட்கவே எரிச்சலாக இருக்கும், ஆனாலும் உண்மை. புகையே தொடாதவர்களிடம் அதிகம் காணப்படும், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றமுள்ள கட்டிகளில் பலன் குறைவு.

அதனால் மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிடி-எல்1 எவ்வளவு, ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே ஆகிய மரபணுக்களின் சோதனை முடிவு வந்துவிட்டதா. முடிவு வருவதற்குள் பிடி-1 தடுப்பு ஊசியைப் போடுங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். ஊசி போட்ட சில மாதங்களுக்குள் ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஆசிமெர்டினிப் என்ற மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. வீட்டில் யாராவது ஏற்கெனவே எதையாவது கொடுக்க ஆரம்பித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், சளிதானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். தடை விலகிய செல்கள் நல்ல நுரையீரலுக்குள்ளும் புகுந்துவிடுவது உண்டு.