இத்தாலி குழுச் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் மே மாதம் நானும் மனைவியும் இத்தாலிக்குக் குழுச் சுற்றுலா போகலாம் என்றிருக்கிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கையில் இரண்டு திட்டங்கள், இரண்டும் ஆறு இரவு. ஒன்றில் ரோம், பைசா, ஃப்ளோரன்ஸ், வெனிஸ், வெரோனா, மிலான் என்று ஆறு ஊர். மற்றதில் ரோமில் மூன்று இரவு, ஃப்ளோரன்ஸில் இரண்டு, வெனிஸில் ஒன்று, வழியில் ஓர்வியெத்தோ. இரண்டாவதற்கு விலை அதிகம். குறைந்த பணத்துக்கே ஆறு ஊர் பார்க்கலாமே என்கிறார்கள் பிள்ளைகள். மனைவி சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். பஸ்ஸிலேயே பொழுது போய்விடுமா? சரித்திரம் ஏதாவது மனதில் தங்குமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

விலை கூடினாலும் இரண்டாவது திட்டத்தையே எடுங்கள். குழுச் சுற்றுலாவில் உங்கள் நாளை வகுப்பது பஸ் ஓட்டுநரின் நேரம்தான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வேலை முடிந்தபின் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு உண்டு. வண்டியிலுள்ள கருவி இதையெல்லாம் பதிவு செய்துகொண்டே இருக்கும், மீறினால் அபராதம். ஆகவே காலையில் யாரோ இருவர் முக்கால் மணி நேரம் தாமதித்தால், அது மாலையில் ஏதோ ஓர் இடத்தின் கணக்கில் கழியும். போதாததற்குப் பழைய நகரங்களின் மையப்பகுதிக்குள் பெரிய பஸ்ஸை விடமாட்டார்கள். பைசாவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இறங்கி, ஆள் எண்ணி, நடந்து, கழிப்பறை வரிசையில் நின்று, திரும்பி வந்து ஏறுவதற்குள் ஊருக்கு ஒரு மணி நேரம் கரைந்துவிடும். ஒரே நாளில் இரண்டு ஊர் என்றால் இந்த இழப்பும் இரண்டு மடங்கு.

அடுத்து, திட்டத்தில் உள்ள வினைச்சொற்களைக் கவனியுங்கள். "கொலோசியம் காணுதல்" என்று மட்டும் இருந்தால் வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவதாகவும் இருக்கலாம். எந்தெந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொலோசியம் சீட்டில் பெயரும் நேரமும் இருக்கும், அசல் பாஸ்போர்ட்டோடு பெயர் பொருந்த வேண்டும். அதே சீட்டில் பழைய ரோமின் பொதுச்சதுக்கமான ரோமன் ஃபோரமும், பக்கத்துப் பாலட்டைன் குன்றும் அடக்கம். நேரமில்லை என்று குழுக்கள் அடிக்கடி விட்டுவிடுவது இவ்விரண்டையும்தான். கிழமையையும் பாருங்கள். ஃப்ளோரன்ஸில் உஃபீட்சி ஓவியக்கூடமும், தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், நுழைவு இலவசம், அன்று கூட்டம் தாங்காது. அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். உங்கள் மனைவி சேலையில் போனால் இந்தக் கவலையே இல்லை.

சரித்திரம் மனதில் தங்குமா என்பது உள்ளூர் வழிகாட்டியைப் பொறுத்தது. சென்னையிலிருந்து கூடவே வரும் மேலாளர் வேறு, வழிகாட்டி வேறு. இத்தாலியில் உரிமம் பெற்ற வழிகாட்டிதான் நினைவுச்சின்னங்களில் விளக்கம் சொல்லலாம். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணி நேரம் வழிகாட்டி, அவர் பேச்சைக் கேட்கக் காதுக்கருவி தருவார்களா என்று கேளுங்கள். வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டி பேசக்கூடாது. வெளி முற்றத்தில் படங்களைக் காட்டி முன்பே சொல்லிவிடுவார். அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து கூரையைப் பாருங்கள். மிக்கேலாஞ்சலோ இந்தக் கூரை ஓவியங்களை 1508இல் பைபிளில் வரும் நோவாவின் காட்சிகள் உள்ள கோடியிலிருந்து தொடங்கினார். அங்கே உருவங்கள் சிறியவை, நெருக்கமானவை. பலிபீடத்தை நெருங்க நெருங்க உருவங்கள் பெரிதாகி ஆட்கள் குறைகிறார்கள். சாரத்தின் மேல் நின்று வரைந்தவருக்குக் கீழிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பது மெல்லப் பிடிபட்டதை அந்தக் கூரையின் நீளத்திலேயே படித்துவிடலாம்.

குழுவோடு போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோவில். ட்ரெவி நீரூற்றில் 'ஓய்வு நேரம்' என்று விடுவார்கள். அங்கிருந்து பாந்தியனுக்குப் பத்து நிமிட நடைதான், 2025இல் நுழைவு 5 யூரோ. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பின் உயரமும் அதேதான். உள்ளே கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். அது நிற்கும் சூட்சுமம் கலவையில் இருக்கிறது: அடியில் கனமான கல்லும் செங்கல்லும் போட்டவர்கள், மேலே போகப் போக எடை குறைத்து, உச்சியில் நுரைபோல் லேசான எரிமலைக்கல்லைச் சேர்த்தார்கள். சுவரின் கனமும் அடியில் ஆறு மீட்டர் அளவிலிருந்து உச்சியில் ஒன்றேகால் மீட்டராகக் குறைகிறது. நடுவில் நின்று தரையைப் பாருங்கள். திறப்பின் வழியே விழும் மழைநீர் வழிய நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்கும். பளிங்கில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் தெரியும்.

ஃபோரத்தில் மாக்ஸென்டியஸ் மண்டபம் வரும்போது, அதன் அடியில் இருந்த மிளகுக் கிடங்கைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். பேரரசர் டொமிஷியன் கட்டியது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து திரும்பியதாக அகநானூறு 149ஆம் பாட்டு சொல்கிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இனிச் சாப்பாடு. இந்தியாவிலிருந்து போகும் குழுக்களுக்கு இரவு உணவு பெரும்பாலும் இந்திய உணவகத்தில்தான். இரண்டு இரவாவது அதை விட்டு உங்கள் போக்கில் சாப்பிடுங்கள். பகலில் உணவக அடுக்களை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, மாலையில் ஏழரைக்கு மேல். மூன்று மணிக்குக் குழு உங்களை விட்டால் ரோமில் துண்டு பீட்சா கடைதான் கை கொடுக்கும். நீளத் தட்டிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள்.

உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி பாலாடைக்கட்டி. பார்மிஜானோ, பெகோரீனோ ரோமானோ, கிரானா பதானோ மூன்றிலும் பாலைத் திரிக்கப் போடுவது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இது சைவ அடையாளமிட்ட உணவிலும் இருக்கலாம், பெஸ்தோ என்ற பச்சை இலைச் சட்னியிலும் இருக்கும். வேண்டாமென்றால் 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' (பாலாடைக்கட்டி இல்லாமல்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பகெத்தி, பென்னே போன்ற உலர் பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். தாலியதெல்லே, ராவியோலி, லசான்யா போன்ற புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. எனவே பூண்டும் எண்ணெயும் மிளகாயும் சேர்ந்த அல்யோ ஒலியோ, தக்காளியும் மிளகாயுமான அரப்பியாத்தா, பாலாடைக்கட்டியே இல்லாத மரினாரா பீட்சா மூன்றும் தைரியமாகச் சாப்பிடலாம். அரப்பியாத்தா மேல் மட்டும் பெகோரீனோ தூவ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏமாறும் இடங்களும் உண்டு. பொரித்த பூசணிப்பூ சைவம்போலத் தோன்றும், ரோமில் அதற்குள் நெத்திலி வைத்திருப்பார்கள். காய்கறி சூப் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். இனிப்புகளில், பான்னா கோத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், திராமிசுவில் பச்சை முட்டை. ஐஸ்கிரீமில் பழச்சாற்றை உறையவைத்த சொர்பெத்தோ கேளுங்கள். ரோமின் பழைய யூதர் குடியிருப்பில் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயை முழுசாக எண்ணெயில் இருமுறை பொரித்து மொறுமொறுவென்று தருவார்கள். வசந்தகாலப் பண்டம், மே தொடக்கத்தில் போனால் கிடைத்துவிடும். வேறெதை விட்டாலும் அதை விடாதீர்கள். ஃப்ளோரன்ஸில் ரொட்டி உப்பில்லாமல் இருக்கும், அங்கே அதுதான் வழக்கம். பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருந்தால் அது மேசைக் கட்டணம். காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பல இடங்களில் அதிகம். ரோமில் தண்ணீர் வாங்கவே வேண்டாம். தெருக்குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலுள்ள துளையிலிருந்து வாய்க்கு நேராகப் பீய்ச்சும்.

இயற்கைக் காட்சிக்கு நெடுஞ்சாலையை நம்பாதீர்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து பொலோன்யா செல்லும் புதிய மலைச்சாலையில் பாதி சுரங்கம்தான். ஓர்வியெத்தோவில் நிற்பதனாலேயே உங்கள் திட்டம் உயர்ந்தது: எரிமலைப் பாறையின் தலையில் ஊர், 1290இல் தொடங்கிய பேராலயம், சுற்றிலும் திராட்சைச் சரிவுகள்.

வெனிஸில் 25 பேருக்கு மேல் ஒரே குழுவாக நடத்திச் செல்லத் தடை இருக்கிறது. உங்கள் குழு நாற்பது பேர் என்றால் இரண்டு வழிகாட்டிகள் உண்டா என்று கேளுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. 2025இல் முன்பதிவுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. வெனிஸ் நகராட்சிக்குள் தங்குபவர்களுக்கு விலக்கு. தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயும் அந்த எல்லைக்குள் வருகிறது, ஆனாலும் விலக்குக் குறியீட்டை இணையத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். 'வெனிஸ்' என்று எழுதிவிட்டுப் தள்ளியிருக்கும் பாதுவாவிலோ யெசொலோவிலோ அறை போட்டால் விலக்கும் கிடையாது, மாலையும் போயிற்று. மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் என்றால், குழு ஐந்து மணிக்குத் திரும்பினாலும் பத்துப் பன்னிரண்டு நிமிட ரயிலில் நீங்கள் இருவரும் மறுபடி வெனிஸுக்குப் போகலாம். பகல் கூட்டம் அதற்குள் வடிந்திருக்கும். காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த ஹோட்டலின் பெயரையும் முகவரியையும், தங்குபவர்களிடம் வாங்கும் நகர வரியை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.