மறியலில இருக்கிற சிநேகிதனைப் பாக்க அமெரிக்கா போறீங்களோ? போடரில கேக்கிற கேள்வியளுக்குப் பதில் (கேள்வி பதில்)

ரொறன்ரோவில இருந்து அமெரிக்க பெடரல் மறியலில (மத்திய அரசின்ர சிறையில) இருக்கிற என்ர சிநேகிதனைப் பாக்க கன வருசமா போய்வாறன். இதே அலுவலாப் போற வேற ஆக்களுக்கும் படிவம் நிரப்பிக் குடுத்திருக்கிறன், காரில கூட்டிக்கொண்டும் போயிருக்கிறன். நான் லோயர் இல்லை, எங்க லோயர் வேணுமோ அதையும் சொல்லுறன். கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு வந்த கேள்வியளும் பதிலும்தான் கீழ இருக்கு. கூடுதலா கனடா சிட்டிசன் காரில போறதை வைச்சுத்தான் எழுதியிருக்கிறன்.

கஜன், ஸ்காபரோ: அண்ணை, பஃபலோ போடரில எங்க போறாய் எண்டு கேட்டா மறியலுக்கு எண்டு சொல்லலாமோ? எல்லாரும் சொப்பிங் எண்டு சொல்லச் சொல்லுகினம்.

தம்பி, சொப்பிங் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ. மறியலில இருக்கிற ஒருத்தரைப் பாக்கப் போறது குற்றமில்லை, ஒருத்தரை அமெரிக்காவுக்குள்ள விடாமல் மறிக்கிறதுக்கு அவையின்ர சட்டத்தில எழுதியிருக்கிற காரணங்களில அது இல்லவே இல்லை. பொய் சொல்லுறதுதான் அதில இருக்கு. உள்ள வாறதுக்காக முக்கியமான விசயத்தில வேணுமெண்டு பொய் சொன்னதா அவை முடிவெடுத்தா வாழ்நாள் தடை, பிறகு வேவர் (தடையை விலக்கித் தாற அனுமதி) எடுத்தாத்தான் அந்தப் பக்கம் போகலாம், அதைவிட பெடரல் ஒபிசருக்குப் பொய் சொல்லுறது தனிக் குற்றம், அதுக்கு 5 வருசம் வரைக்கும் மறியல் இருக்கு. உங்கட காரில மறியலுக்குப் போற வழி ஜிபிஎஸ்ஸில போட்டிருக்கும், போனில அவன்ர நம்பர் இருக்கும், பிறகு சொப்பிங் எண்டு சொன்னது எங்க போய் நிக்கும்?

பிராட்ஃபோர்ட் பக்கத்தில இருக்கிற மக்கீன் சிறைக்குப் போறதெண்டு வையுங்கோ, பஃபலோவில இருந்து தெற்கால ஒண்டரை மணித்தியாலம் வரும். கதை இப்பிடித்தான் போகும்:

"எங்க போறீங்கள்?" "பிராட்ஃபோர்ட், பென்சில்வேனியா."
"என்னத்துக்கு?" "சிநேகிதனைப் பாக்க. அவர் மக்கீன் பெடரல் சிறையில இருக்கிறார், விசிட்டிங் லிஸ்டில என்ர பேர் இருக்கு."
"எப்ப திரும்புறீங்கள்?" "ஞாயிறு பின்னேரம்."

அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு கேட்ட அளவுக்குப் பதில். எங்கட ஆக்கள் விடுற பிழை பொய்யைவிட இதுதான் கூட, பயத்தில கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுறது, அவன் நல்ல பொடியன் சேர், கூடாத ஆக்களோட சேந்து கெட்டிட்டான், அவன்ர தாய் அழுதுகொண்டிருக்கிறா எண்டு இழுத்துக்கொண்டே போறது. அந்த ஒபிசர் உங்கட சிநேகிதனுக்குத் தீர்ப்புச் சொல்ல அதில இருக்கேல்லை, உங்களை உள்ள விடலாமோ, சொன்ன நாளில திரும்பிப் போவீங்களோ எண்டு மட்டும்தான் பாக்கிறார்.

தர்சி, மார்க்கம்: அவர் என்ன செய்தவர், உனக்கு எப்பிடிப் பழக்கம் எண்டு தோண்டினா?

தோண்டுவினம் தங்கச்சி, அது வழமை. பழக்கம் எண்டா ஒரே வசனம், "ஹைஸ்கூலில ஒண்டாப் படிச்சனாங்கள்" மாதிரி. குற்றம் என்ன எண்டா கோட்டில என்னத்துக்குத் தீர்ப்பு வந்ததோ அதைச் சொல்லுங்கோ. அதுக்கு மேல கேட்டா, வழக்கின்ர விபரம் எனக்குத் தெரியாது எண்டு சொல்லலாம், உண்மையாத் தெரியாட்டி மட்டும். ஊகிச்சுச் சொல்ல வேண்டாம். அவன் குற்றவாளி இல்லை எண்டு அங்க நிண்டு வாதாடவும் வேண்டாம்.

ஒரு ஆள் மட்டும் இதை வேற மாதிரிப் பாக்க வேணும். மறியலில இருக்கிறவரோட சேந்து வியாபாரம் செய்த ஆள், வழக்குக் கடுதாசியில பேர் வந்த ஆள், பொலிஸ் ஒருக்கா கூப்பிட்டு விசாரிச்ச ஆள். அப்பிடியெண்டா போடருக்குப் போகமுதல் அமெரிக்க லோயர் ஒருத்தரோட கதையுங்கோ. பாசத்தில ஓடிப்போய் நிக்கிற இடமில்லை அது.

பேர் போடாத ஒருத்தர்: எனக்கு இன்னும் சிட்டிசன் கிடைக்கேல்லை, பிஆர் (நிரந்தர வதிவிட) கார்டும் சிலோன் பாஸ்போட்டும்தான். போகலாமோ?

பிஆர் கார்ட் மட்டும் காணாது, பி1/பி2 விசிட்டர் விசா வேணும். அகதித் தீர்மானத்தில கிடைச்ச கனடா ட்ரவல் டொக்கியுமென்ட் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் அப்பிடித்தான். விசா படிவத்திலயும் இன்டர்வியூவிலயும் போற காரணத்தை நேராச் சொல்லுங்கோ, ஏனெண்டா அதில எழுதினதும் போடரில நீங்கள் சொல்லுறதும் ஒண்டா இருக்கோ எண்டு ஒபிசர் கொம்பியூட்டரில பாக்கலாம். கனடாவில வேலை, வீட்டு வாடகைக் கடுதாசி, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், இப்பிடித் திரும்பி வாறதுக்கு உங்களுக்கு என்ன பிடி இருக்கெண்டு காட்டுறதுதான் அங்க முக்கியம்.

ரவி, மிசிசாகா: போடரில விட்டாலும் மறியல் வாசலில திருப்பி அனுப்பினா?

நல்ல கேள்வி, உண்மையில இதைத்தான் முதல் செய்து முடிக்க வேணும். பெடரல் மறியலெண்டா சும்மா போய் நிக்க ஏலாது. உள்ள இருக்கிறவர்தான் உங்கட பேரை லிஸ்டில போட்டு, விசிட்டர் படிவத்தை உங்களுக்கு அனுப்ப வேணும், நீங்கள் நிரப்பித் திருப்பி அனுப்ப, அவை பின்னணி பாத்து ஓம் எண்ட பிறகுதான் போறது. சொந்தக்காரர் இல்லாத சிநேகிதர் எண்டா மறியலுக்குப் போகமுதலே பழக்கம் இருந்திருக்க வேணும் எண்டது பொது விதி, சிநேகிதர் 10 பேருக்கு மேல லிஸ்டில வராது. படிவத்தில எப்ப இருந்து பழக்கம் எண்டு எழுதுறீங்களோ அதையே போடரிலயும் சொல்லுவீங்கள்தானே, அதால நிரப்பின படிவத்தின்ர கொப்பி ஒண்டு கையில வைச்சிருங்கோ.

நான் காரின்ர முன் தட்டில ஒரு பைல் வைச்சிருப்பன். அதில லிஸ்டில சேத்தாச்சு எண்டு அவன் எழுதின கடிதம், அவன்ர ரெஜிஸ்டர் நம்பர் (8 இலக்கம், 5 இலக்கத்துக்குப் பிறகு ஒரு கோடு, பிறகு 3), மறியலின்ர விலாசம், ஹோட்டல் புக்கிங், என்ர வேலையிடத்துக் கடிதம். கேட்டா மட்டும் எடுத்துக் குடுக்கிறது. அந்த நம்பரை அடிச்சா பீரோ ஒஃப் பிரிசன்ஸ் (பெடரல் மறியலுகளை நடத்துற திணைக்களம்) வெப்சைட்டில அவர் எங்க இருக்கிறார், எப்ப விடுதலை எண்டு வரும், ஒபிசர் தானே பாத்து உறுதிப்படுத்தலாம். வேற மறியலுக்கு மாத்திப்போட்டாங்களோ எண்டு வெளிக்கிடமுதல் நீங்களும் ஒருக்கா பாருங்கோ. பாத்திட்டு, காலமை மறியலுக்குப் போன் எடுத்து இண்டைக்கு விசிட்டிங் இருக்கோ எண்டும் கேளுங்கோ. லொக்டவுன் (கைதியளை அறையுக்க பூட்டி வைக்கிறது) எண்டா அவ்வளவு தூரம் ஓடினதும் வீண்தான்.

மாநில மறியல், கவுன்ரி ஜெயில், இமிகிரேசன் தடுப்பு, இதுகளுக்கெல்லாம் விதி வேற வேற. அந்தந்த இடத்தில கேக்க வேணும்.

சுதன், அஜாக்ஸ்: 2009 இல எனக்கு ஒரு சார்ஜ் இருந்தது, பார்டன் எடுத்திட்டன். இனி ஒண்டும் இல்லை எண்டு சொல்லலாம்தானே?

சொல்லக்கூடாது. கனடாவில தாற ரெக்கோட் சஸ்பென்சனை (அதைத்தான் பார்டன் எண்டுறது) அமெரிக்கா போடரில கணக்கெடுக்கிறதில்லை, பழைய பதிவு அவையின்ர கொம்பியூட்டரில ஏற்கெனவே ஏறியிருந்தா அது அதிலயே இருக்கும். "எப்பவாவது கைது செய்திருக்கினமோ" எண்டுதான் கேட்பினம், அதுக்கு ஓம் எண்டதுதான் பதில். எல்லாச் சார்ஜும் தடையில்லை, களவு, மோசடி, போதைமருந்து மாதிரியானதுகள்தான் பெரிய பிரச்சினை, அதுக்கு வேவர் வேணும், அது வர மாதக்கணக்கு எடுக்கும். கோட் கடுதாசியை எடுத்துக்கொண்டு ஒரு லோயரிட்டைப் போங்கோ. மறியல் விசிட்டர் படிவத்திலயும் குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்ததோ எண்டு கேள்வி வரும், ரெண்டிலயும் உண்மையைத்தான் சொல்ல வேணும்.

இதோட இன்னொண்டு. கனடாவில 2018 ஒக்டோபரில இருந்து கஞ்சா சட்டபூர்வம், அமெரிக்க பெடரல் சட்டத்தில இன்னும் குற்றம்தான், நியூயோர்க்கில கடை இருந்தாலும் போடர் பெடரல் ஆக்களின்ர கை. காரைத் துடைச்சுப் பாத்திட்டு ஏறுங்கோ, பொடியள் விட்டிட்டுப் போனது சீட்டுக்குக் கீழ கிடக்கும்.

ஜனனி, பிரம்ப்டன்: என்னை உள்ள கூப்பிட்டு இருத்தி போனைக் கேட்டவை. குடுக்கத்தான் வேணுமோ?

உள்ள கூப்பிடுறதைக் கண்டு பதறாதீங்கோ, மறியலுக்குப் போறம் எண்டு சொன்னா அது நடக்கலாம். திறப்பை வாங்கிக்கொண்டு காரைப் பாப்பினம், நீங்கள் கதிரையில இருக்க வேணும், போன் பாக்க விடமாட்டினம், மணித்தியாலக் கணக்காவும் போகலாம். அதாலதான் மறியல் விசிட்டிங் நேரத்துக்கு முதல் நாளே போடரைக் கடந்திடுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்.

போன் விசயம். சந்தேகம் ஒண்டும் இல்லாமலே கையால தட்டிப் பாக்க அவைக்கு அதிகாரம் இருக்கு, மெசினோட பொருத்தி கொப்பி எடுக்கிறதெண்டாத்தான் காரணமும் மேலதிகாரியின்ர சம்மதமும் வேணும் எண்டு 2018 இல அவையே எழுதி வைச்ச விதி சொல்லுது. போனில இருக்கிறதை மட்டும்தான் பாக்கலாம், நெற்வேர்க்கை நிப்பாட்டிப்போட்டு. 2024 நிதியாண்டில ஏறக்குறைய 47,000 பேரின்ர போனும் கொம்பியூட்டரும் பாத்திருக்கினம், உள்ள வந்த கோடிக்கணக்கான ஆக்களோட பாத்தா அது சின்னத் தொகைதான், ஆனா உங்கடதைக் கேட்டா அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. அமெரிக்க சிட்டிசன் இல்லாத ஆள் பாஸ்வேட் குடுக்க மறுத்தா உள்ள விடாமல் திருப்பி அனுப்பலாம், போனையும் வைச்சிருக்கலாம். நான் செய்யிறது, வழக்குக் கடுதாசி, அவன்ர லோயர் எழுதினது ஒண்டையும் போனில கொண்டுபோறதில்லை. அதுகள் அவனுக்கும் லோயருக்கும் இடையில இருக்க வேண்டிய சாமான்.

இதை வடிவா மனசில வையுங்கோ: உள்ளுக்க கேள்வி கேட்டு எழுதின வாக்குமூலத்தில ஒவ்வொரு பக்கத்திலயும் இனிஷியல் போடச் சொன்னா, வாசிக்காமல் போடாதீங்கோ. சொல்லாததை எழுதியிருந்தா திருத்தச் சொல்லுங்கோ. இங்கிலிஷ் விளங்கேல்லையெண்டா தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ, போனில பிடிச்சுத் தருவினம். வெறும் நுழைவு விசாரணையில லோயரைக் கூட வைச்சிருக்க உங்களுக்கு உரிமை இல்லை, கிரிமினல் விசாரணையாத் திரும்பி உங்களைப் பிடிச்சு வைச்சா கதை வேற. விடமாட்டம் எண்டு முடிவெடுத்தா, நுழைவு விண்ணப்பத்தை நானே வாபஸ் வாங்குறன் எண்டு கேட்டுப் பாருங்கோ. அதைச் சம்மதிக்கிறது அவையின்ர விருப்பம்தான், ஆனா கிடைச்சா 5 வருசத் தடை வாற உடனடி நாடுகடத்தல் உத்தரவு உங்கட பேரில விழாது.

வாசன், ஸ்காபரோ: யாழ்ப்பாணத்தில பிறந்தவன் எண்டு பாஸ்போட்டில இருக்கு. இயக்கத்துக்குக் காசு குடுத்தியோ எண்டு கேட்டா?

எல்லாரிட்டையும் கேக்கிறதில்லை, ஆனா கேக்கிறது உண்டு. அமெரிக்கா 1997 இல இருந்து புலிகளைப் பயங்கரவாத இயக்கம் எண்டு பட்டியலில வைச்சிருக்கு, கனடா 2006 இல போட்டது, ரெண்டும் எடுபடேல்லை. காசு, சாப்பாடு, தங்க இடம் குடுத்ததையே ஆதரவு எண்டு எடுக்கிற சட்டம் அது, எத்தனை வருசம் போனாலும் காலாவதி ஆகாது. ஊரில இருக்கேக்கை வாசலில வந்து கேட்டு, பயத்தில குடுத்த ஆக்கள் எங்களில எத்தினை பேர், அவையளுக்கு எண்டு கட்டாயத்தில குடுத்ததுக்கான விலக்கு ஒண்டும் இருக்கு, ஆனா அதைப் போடர் யன்னலில நிண்டு வாங்க ஏலாது. இந்தக் கேள்விக்கு உங்கட உண்மையான பதில் ஓம் எண்டா, தயவுசெய்து லோயரிட்டைப் போகாமல் வெளிக்கிட வேண்டாம். இல்லை எண்டா இல்லை எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ. கனடாவுக்கு வரேக்கை அகதிக் கோரிக்கையில என்ன எழுதினீங்கள் எண்டதையும் ஒருக்கா எடுத்து வாசியுங்கோ, ரெண்டு நாடும் தகவல் மாறிக்கொள்ளுறவை.

மீரா, ரொறன்ரோ: பிளேனில போனா லேசோ?

லேசு எண்டு இல்லை, ஒரு வித்தியாசம் இருக்கு. பியர்சனில (ரொறன்ரோ எயார்போட்டில) அமெரிக்க ஒபிசர்மார் கனடா மண்ணிலதான் நிக்கினம், அங்க கனடாச் சட்டம் செல்லும், வேண்டாம் நான் போகேல்லை எண்டு நீங்கள் திரும்பி வரலாம். ஆனா ஏன் திரும்புறீங்கள் எண்டு கேட்டா உண்மையான பதில் சொல்ல வேணும், இப்ப இருக்கிற சட்டம் அப்பிடி. பாலத்தால போனா பூத்தில நிக்கேக்கையே அமெரிக்காவுக்குள்ள வந்திட்டீங்கள், அவை விட்டாத்தான் திரும்பலாம்.

வதனி அக்கா, மார்க்கம்: தம்பி, பிள்ளைக்கு முறுக்கும் கொஞ்சக் காசும் குடுத்துவிடலாமோ?

அக்கா, மறியலுக்குள்ள சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் விடமாட்டாங்கள், காசும் கையில குடுக்க ஏலாது. காசை வெஸ்டேர்ன் யூனியன், மணிகிராம் மூலமா அவற்ற கணக்குக்கு அனுப்பலாம், உள்ள கடையில வாங்குவார். நீங்கள் கொண்டுபோறது உள்ளே பாக்க ஏலுற பிளாஸ்ரிக் பையில சில்லறைக் காசும் சின்ன நோட்டும்தான், விசிட்டிங் அறையில காசு போட்டுச் சாப்பாடு எடுக்கிற மெசின் இருக்கு, அதில அவருக்குப் பிடிச்சதை எடுத்துச் சூடாக்கி முன்னுக்கு வைக்கலாம். என்ர சிநேகிதன் கோழிச் செட்டையைத்தான் முதல் கேப்பான். அவர் அந்தக் காசைத் தொடக்கூடாது, நீங்கள்தான் போட வேணும்.

போடரில கறிவேப்பிலை, பழம், இறைச்சி எண்டு கையில இருந்தா சொல்லிப்போடுங்கோ. பச்சைக் கறிவேப்பிலை விடமாட்டினம், சொன்னா எடுத்துக் குப்பையில போடுவினம், ஒளிச்சா குற்றக்காசு. 10,000 டொலருக்கு மேல காசு இருந்தாலும் எழுதிக் குடுக்க வேணும்.

காக்கி, இராணுவப் பச்சை, கையில்லாத சட்டை, கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போகாதீங்கோ, கைதியளின்ர உடுப்பு மாதிரி இருந்தா வாசலிலயே நிப்பாட்டுவாங்கள். உள்ள போகமுதல் கையைச் சின்னத் துணியால துடைச்சு போதைமருந்து இருக்கோ எண்டு மெசினில பாப்பினம், அது எல்லாருக்கும் நடக்கலாம், மனம் நோக வேண்டாம். வந்த உடனயும் வெளிக்கிடேக்கையும் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சலாம் அக்கா, அதுக்கு விடுவாங்கள்.

கஜன் திரும்பவும்: திரும்பி வரேக்கை கனடாப் பக்கம்?

எங்க போனனீங்கள், எத்தினை நாள், என்ன வாங்கினீங்கள். அங்கயும் மறியல் எண்டே சொல்லுங்கோ. 24 மணித்தியாலம் நிண்டா 200 டொலர் சாமான், 48 எண்டா 800 டொலர் வரைக்கும் வரியில்லை, 24 மணித்தியாலத்துக்குக் குறைய நிண்டா ஒண்டுக்கும் சலுகை இல்லை, எரிபொருள் அடிச்ச பில்லோட சேத்து எல்லா ரசீதையும் கையில வைச்சிருங்கோ.